மண்டபத்துக்கு அச்சாரம் கொடுக்கும் முன்...

திருமலையில் சுவாமி புஷ்கரிணியின் கரையில், ஓர் அரசமரத்தின் நிழலில் எழுதப்பட்டதாம் அந்தக் கடன் பத்திரம். ஆகாசராஜனின் திருமகளாகிய பத்மாவதித் தாயாரை மணம் புரியப் பெருமாளிடம் பொருள் இல்லை. குபேரன் கொடுக்க முன்வந்தான். பிரம்மதேவரும் சிவபெருமானும் சாட்சியாக நின்றார்கள். கலியுகம் முடியும்வரை வட்டி செலுத்திவருவதாகப் பெருமாள் வாக்களித்தார். கீழ்த்திருப்பதியில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாள், அந்தக் கடனுக்காகக் காணிக்கையை அளந்து களைத்து, மரக்காலையே தலைக்கு வைத்து உறங்குகிறார் என்பது பக்தர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இக்கதையில் கருத்தில் கொள்ளத்தக்க ஒரு நுட்பம் உண்டு. கடன் கொடுத்தவன் அடியவன், பெற்றவரோ பரம்பொருள். ஆயினும் வாய்மொழியோடு நிறுத்தவில்லை. பத்திரம் எழுதினார்கள், சாட்சி வைத்தார்கள். தெய்வத் திருமணத்திலேயே பணத்தைப் பற்றிய பேச்சு எழுத்தில் அமைந்தது என்றால், நம் இல்லத் திருமணங்களில் அது எத்துணை இன்றியமையாதது!

நாளும் மண்டபமும்

ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மாதங்களைத் திருமணத்துக்குப் பெரும்பாலோர் விலக்குகின்றனர். எஞ்சிய மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தங்களையே நாடுகின்றனர். ஆகவே, ஒரே நாளில் பல குடும்பங்கள் ஒரே மண்டபத்தைக் கேட்கின்றன. நாள் குறித்த பின் மண்டபம் தேடிய காலம் போய், மண்டபம் கிடைக்கும் நாளையே முகூர்த்தமாகக் கொள்ளும் நிலை வந்துவிட்டது. இந்த அவசரத்தில்தான் பெரியவர்கள் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து பெருந்தொகையை எடுத்து, ஒரு துண்டுச் சீட்டை மட்டும் பெற்றுக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

மூன்று தொகை, மூன்று பொருள்

மண்டபத்தில் செலுத்தும் பணத்தை எல்லோரும் பொதுவாக ‘அட்வான்ஸ்’ என்றே சொல்கிறோம். ஆனால், அதற்குள் மூன்று வகை உண்டு. வாக்கு மாறமாட்டோம் என்பதற்கு உறுதியாகக் கொடுப்பது அச்சாரம். வாடகையில் ஒரு பகுதியை முன்னதாகச் செலுத்துவது முன்பணம். பொருள்களுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுசெய்வதற்காக வைப்பது காப்புத்தொகை. சேதம் இல்லையெனில் இது முழுவதும் திரும்பி வரவேண்டும்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லளவில் நிற்பதன்று. ஒப்பந்தத்தை முறித்தால் அச்சாரத்தை இழக்க நேரிடலாம். முன்பணத்தைப் பிடித்துக்கொள்வதற்கோ தெளிவான விதி எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே நீதிமன்றங்கள் பின்பற்றிவரும் நெறி. ஆகவே, செலுத்தும் தொகை எவ்வகையைச் சேர்ந்தது என்பது ரசீதில் இருக்க வேண்டும்.

எழுத்தில் வாங்க வேண்டியவை

முதல்நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம் என்பதே இன்றைய வழக்கம். மண்டபம் எத்தனை மணிக்குக் கைக்கு வரும், எத்தனை மணிக்குத் திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பதைத் தேதியுடன் எழுதி வாங்க வேண்டும். மின்கட்டணம் வாடகையில் அடங்குமா, மீட்டர் கணக்கா? ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, சமையல் எரிவாயு ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டா? சமையற்காரரையும் பந்தல் அலங்காரம் செய்பவரையும் நாமே அமர்த்திக்கொள்ளலாமா? இவற்றையெல்லாம் முன்னரே கேட்டுவிட்டால் விருந்து முடிந்த வேளையில் வாக்குவாதம் எழாது. பாத்திரங்களைப் பெறும்போதும் ஒப்படைக்கும்போதும் எண்ணிக் கையொப்பம் பெறுவது காப்புத்தொகையைக் காக்கும்.

கோயிலுக்குச் சொந்தமான மண்டபமாயின், கோயில் அலுவலகத்தில் முறையான ரசீது பெற்றே பணம் கட்ட வேண்டும். இடைத்தரகர் கையில் கொடுத்தல் ஆகாது. பதிவு பெற்ற சமய அறக்கட்டளையின் திருத்தல வளாகத்தில் உள்ள மண்டபத்துக்கு ஒரு நாள் வாடகை 10,000 ரூபாய்க்குக் குறைவெனில், சரக்கு மற்றும் சேவை வரியிலிருந்து விலக்கு உண்டு என்பதும் அறியத்தக்கது.

எதிர்பாராதது நிகழ்ந்தால்

பேசத் தயங்கினாலும் பேசியே ஆகவேண்டிய ஒன்று உண்டு. திருமணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் பங்காளி வீட்டில் ஒரு மூதாட்டி காலமாகிறார் என்று கொள்வோம். தீட்டின் காரணமாக நாள் தள்ளிப்போகிறது. துயரத்தில் இருக்கும் குடும்பம் மண்டபத்தில் போய்ப் பணத்துக்காக மன்றாட நேர்வது எவ்வளவு வேதனை! ‘மரணம், நோய் போன்ற காரணங்களால் நாள் மாறினால், செலுத்திய தொகை வேறு தேதிக்கு ஏற்கப்படும்’ என்ற ஒரு வரியை முதல்நாளே எழுதி வாங்கினால் அந்த அவலம் நேராது. சுபகாரியத்தின் தொடக்கத்தில் அபசகுனமாகப் பேசலாமா என்று தயங்க வேண்டியதில்லை. வருமுன் காப்பதும் மங்கலமே.

2020 மார்ச் மாதத்தில் ஊரடங்கு வந்தபோது, இத்தகைய வரி இல்லாமையால் திண்டாடிய குடும்பங்கள் பல.

சட்டம் தரும் துணை

‘எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்று ரசீதில் அச்சிட்டிருப்பதைக் கண்டு மனம் சோர வேண்டாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 74ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் தண்டத்தொகை குறிக்கப்பட்டிருந்தாலும் அந்த அளவுக்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டையே பெற இயலும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மிகையான காப்புத்தொகை கேட்பதையும், நேர்ந்த இழப்புக்குச் சிறிதும் பொருந்தாத தண்டம் விதிப்பதையும் நேர்மையற்ற ஒப்பந்தத்தின் இலக்கணமாகக் கூறுகிறது.

சேவைக் குறைபாடு நேர்ந்தால், இரண்டு ஆண்டுகளுக்குள் தாம் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இன்றித் தாமே வாதிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஆலோசனையும் பெறலாம்.

இருபக்க தர்மம்

மண்டபத்தாரின் நியாயத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். நமக்காக ஒரு முகூர்த்த நாளை ஒதுக்கியபோது, அவர்கள் வேறு சிலரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கடைசி வாரத்தில் வேண்டாம் என்றால் இழப்பு அவர்களுக்கே. ஆனால், ஆறு மாதம் முன்னரே சொல்லி, அதே நாளை வேறொருவருக்கு வாடகைக்கு விட்ட பின்பும் முதலில் பெற்ற தொகை முழுவதையும் வைத்துக்கொள்வது அறமாகாது. நாள் மாறுவது உறுதியானவுடன் மண்டபத்துக்குத் தெரிவித்துவிடுவது நம் கடமை. நாம் விட்டுக்கொடுக்கும் மேடையில் வேறொரு வீட்டுப் பெண் மாலை மாற்றிக்கொள்ளக்கூடும்.

மண்டப ரசீதை மஞ்சள் குங்குமம் இட்டுக் குலதெய்வத்தின் திருவுருவப் படத்தின் முன் வைத்து வணங்கும் இல்லங்கள் உண்டு. நல்ல வழக்கம்தான். வைப்பதற்கு முன், அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள விதிகளையும் மூக்குக் கண்ணாடி அணிந்து ஒருமுறை முழுவதும் படித்துவிட வேண்டும். அலர்மேல்மங்கை உறை மார்பன் அருளால் இல்லந்தோறும் கெட்டிமேளம் தடையின்றி ஒலிக்கட்டும்!