கத்திக்கு அகப்படாத வைரசு

கண்ணின் கருமணிக்கு முன்னே கண்ணாடிபோல் தெளிந்து நிற்பது விழிவெண்படலம். ஏர்பீசு என்னும் வைரசு அதனைப் புண்படுத்தும். புண் ஆறிய பின்னும் தழும்பு எஞ்சிப் பார்வையை மறைத்தல் உண்டு. அந்நிலையில் வைத்தியர் தழும்புற்ற பகுதியை வட்டமாக வெட்டி நீக்கி, இறந்தவர் ஒருவர் ஈந்த தெளிந்த படலத்தை மயிரினும் நுண்ணிய இழையால் தைத்துப் பொருத்துவர். இன்றைய செக் நாட்டிலே எடுவார்ட் சிர்ம் என்னும் வைத்தியர் 1905இல் இம்மாற்றுச் சிகிச்சையை முதன்முதலாக வெற்றியுறச் செய்தார்.

ஆயினும், கத்தி தழும்பை அகற்றுமேயன்றி வைரசை அகற்றாது. அது முகத்தின் உணர்வு நரம்பு முடிச்சிலே உறங்கிக் கிடக்கும். விழித்தெழுந்தால் புதிய படலத்தையுந் தாக்கும். ஆதலால், பெரும்பாலும் அழற்சி தணிந்து கண் பல மாதம் அமைதியுற்ற பின்னரே சத்திரசிகிச்சை செய்வர். அதன் பின்னும் நெடுநாள் அசைக்கிளோவிர் மருந்து கொடுப்பர். பார்வை தெளிந்துவிட்டதென்று தாமாகவே மருந்தை நிறுத்துவோர், பிறர் ஈந்த ஒளியையும் இழக்க நேரிடலாம்.