குழாயில் திரும்பும் நீர்

குழாய்க்குத் திசை தெரியாது. எப்பக்கம் அழுத்தம் குறைகின்றதோ அப்பக்கம் நீர் செல்லும். தொட்டியிலிருந்து நமது குடத்திற்கு வரவேண்டிய நீர், சில வேளைகளில் குடத்திலிருந்தும் குழாய்க்குள் ஏறிவிடும் என்பதை நம் அங்கத்தினர்களில் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட நாம் சென்றிருந்த நாளில், கீழ்த்தளத்துக் குழாயில் பிடித்த குடிநீர் நீலமாக இருந்தது. மாடியில் சாயப்பட்டறை. அங்கே குழாயில் மாட்டிய ரப்பர்க் குழாயின் நுனி சாயத்தொட்டிக்குள் அமிழ்ந்து கிடந்தது. தொட்டி நிரம்பிக்கொண்டிருக்கையிலேயே நகர நீர் நின்றுவிட்டது. மாடிக் குழாயை எவரும் மூடவில்லை. பிறகு கீழே ஒருவர் குடம் வைத்துக் குழாயைத் திறந்தார். குழாயில் நின்ற நீர் கீழே இறங்க, மேலே வெற்றிடம் உண்டாகி, காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசும் கலந்த சாயநீரை உறிஞ்சிற்று. நிறம் இருந்தபடியால் எவரும் அதைப் பருகவில்லை. வெறும் காஸ்டிக் கரைசலாக இருந்திருப்பின் கண்ணுக்குத் தெரிந்திராது.

"ஐயா, இதற்கென்றே வால்வு வாங்கி மாட்டியிருக்கிறோமே!" என்றார் காரியதரிசி. செலவுச் சீட்டும் முறையாகவே இருந்தது. வால்வைக் கழற்றிப் பார்த்தோம். அம்புக்குறி சரியான திசையையே காட்டியது. ஆனால், இணைப்பில் சுற்றிய சணல் நாரில் ஓரிழை உள்ளே வந்து, கதவுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே சிக்கியிருந்தது.

நீரைத் திரும்பவிடாத வால்வின் அமைப்பு மிக எளியது. உள்ளே கீலில் தொங்கும் ஒரு சிறு கதவு; நீர் முன்னோக்கி வரும்போது அது தூக்கப்படும், பின்னோக்கி வர முயன்றால் அந்நீரே அதை அழுத்தி மூடும். கீலுக்குப் பதில் சுருள்வில் வைத்ததும் உண்டு. கீல்கதவு வகையைப் படுக்கையான குழாயிலோ, நீர் மேல்நோக்கி ஏறும் குழாயிலோ மட்டுமே பொருத்தவேண்டும். இறங்கு குழாயில் பொருத்தினால் கதவு தன் எடையாலேயே திறந்து தொங்கும். பம்பு நின்றவுடன் குழாயில் 'டங்' என்று ஓசை கேட்டால், கதவு தாமதித்து மூடுகின்றது என்று கொள்க.

விவசாய அங்கத்தினர்களுக்கு இதை நாம் விளக்கவேண்டியதில்லை. கிணற்றுள் உறிஞ்சுகுழாயின் அடியில் உள்ள புட் வால்வும் இந்த இனத்ததே. அது பழுதானால் காலையில் பம்பிற்கு நீர் ஊற்றி, சமயத்தில் சாணக்கரைசலும் ஊற்றி, அவதிப்படுவது அவர்கள் அறிந்ததே. ஒரு மணல் துணுக்கு போதும். பம்பைக் காக்கும் வரையில் இக்குறை பொறுக்கத்தக்கது. நஞ்சிற்கும் குடிநீருக்கும் நடுவே அந்த ஒற்றைக் கதவை மட்டும் நம்பி நிற்பதே நாம் ஒப்பாத காரியம்.

அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் ஹோலி கிராஸ் கல்லூரி உள்ளது. 1969-இல் அங்கே நிகழ்ந்தது பலரும் அறியத்தக்கது. அருகே தீப்பற்றியதால் தீயணைப்போர் ஏராளமான நீரை இழுத்தனர்; நகரக் குழாயில் அழுத்தம் வீழ்ந்தது. ஆட்டக்களத்தில் தெளிப்புக் குழாய்களுக்கென மண்ணில் பதித்திருந்த பெட்டிகளில் அசுத்த நீர் தேங்கியிருந்தது. மஞ்சட்காமாலைக் கிருமி கொண்ட சிறுவர்கள் அங்கே விளையாடியிருந்தனர். அந்நீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறியது. கால்பந்துக் குழுவைச் சேர்ந்த 97 பேரில் 90 பேருக்கு நோய் தொற்றியது. இரண்டு ஆட்டங்களோடு அவ்வாண்டின் பந்தயங்கள் கைவிடப்பட்டன.

ஆகவே, அபாயம் மிகுந்த இடங்களில் இரு வால்வுகளை அடுத்தடுத்து வைத்து, நடுவிலுள்ள அறையின் நீர் கசிவு நேர்ந்தால் வெளியே வடிந்துவிடுமாறு அமைந்த சாதனத்தைப் பொருத்துகின்றனர். விலை அதிகம், காலந்தோறும் சோதிக்கவும் வேண்டும். சிறிய சங்கங்களுக்கு அதனினும் உறுதியான வழி ஒன்று உண்டு: வெறும் காற்று. குழாயின் வாய், தொட்டியின் விளிம்பிற்கு மேலே, குழாய் விட்டத்தைப்போல் இருமடங்கு உயரத்தில் நிற்கட்டும். அரை அங்குலக் குழாயாயினும் ஓர் அங்குலத்திற்குக் குறையலாகாது. அளவு நீர்மட்டத்திலிருந்து அன்று, விளிம்பிலிருந்து. காற்றில் சிக்கச் சணல் நாரும் இல்லை, மணலும் இல்லை.

பூச்சிமருந்து கரைக்கும் பீப்பாய்க்கும் இது பொருந்தும். பம்போடு இணைத்து உரநீர் செலுத்துவோர் நிலை வேறு. அங்கே இடைவெளி விட வழியில்லை. மின்சாரம் நின்றால் உரக்கரைசல் கிணற்றுக்குத் திரும்பாதிருக்க, பம்பிற்கும் உரம் சேரும் இடத்திற்கும் நடுவே வால்வு அவசியம். அதைப் பருவத்திற்கு ஒருமுறையேனும் கழற்றிக் கழுவவேண்டும். அக்கிணற்று நீரைக் குடிப்பதாயின் அவ்வேற்பாட்டை அங்கே வைக்காதிருத்தலே நன்று.

மேற்சொன்ன சங்கத்தார் வால்வைத் துப்புரவு செய்து திரும்பவும் மாட்டினர். மாடியில் ரப்பர்க் குழாயை, தொட்டியின் விளிம்பிற்கு மேலே நிற்குமளவு கத்தியால் நறுக்கினர். அதற்குச் செலவுச் சீட்டு எழுத நேரவில்லை.