பட்டணத்தில் நம் பிள்ளைகள் பத்திரமா?



குழுக் கூட்டங்களுக்கு நாங்கள் வரும்போது இப்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறோம். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தால் அதில் நாலைந்து பேருடைய மகனோ மகளோ சென்னைப் பக்கம் வேலையில் இருக்கிறார்கள். கம்பெனி வேலை, கட்டட வேலை, துணிக்கடை, ஓட்டல் என்று போயிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் குழுக் கடன் தவணையே கட்டப்படுகிறது. சென்னைக்கு ஒரு கஷ்டம் வந்தால் அது நம்ம வீட்டுக்கும் வருகிறது. அதனால் இந்த இதழில் பட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

சென்னை மாநகராட்சியின் பரப்பு முன்பு 174 சதுர கிலோமீட்டர். 2011-ல் சுற்றியிருந்த ஊர்களையெல்லாம் சேர்த்து 426 சதுர கிலோமீட்டர் ஆக்கினார்கள். அதற்குப் பிறகு பக்கத்திலேயே ஆவடியும் தாம்பரமும் தனி மாநகராட்சிகள் ஆகிவிட்டன. ஊர் பெருகினது சரி, தண்ணீருக்கு இடம் விட்டார்களா? அதுதான் கேள்வி.

நமக்கு ஏரி என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழியாக வழிந்து, கீழ் ஏரிக்கு வரும். சென்னைப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. தென்பகுதியில் பல ஏரிகளின் உபரி நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் போய்க் கடலில் கலக்கும். அந்தச் சதுப்பு நிலம் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். அதில் பெரும்பகுதி குப்பைமேடாகவும், ரோடாகவும், கம்பெனிக் கட்டடங்களாகவும் ஆகிவிட்டது. 2022-ல்தான் உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். மிச்சமாவது தப்பினால் சரி.

2015 டிசம்பர் 1-ம் தேதி என்ன நடந்தது? நவம்பரில் பெய்த மழையிலேயே ஏரிகள் நிரம்பிக் கிடந்தன. அதன் மேல் பேய் மழை கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிட்டார்கள். அடையாறு இரு கரையும் தாண்டி ஊருக்குள் வந்தது. பிறகு 2018-ல் சட்டமன்றத்தில் வைத்த தணிக்கை அறிக்கையே இதை மனிதரால் உண்டான பேரிடர் என்று சொன்னது. மழை அதிகம்தான், ஆனால் மழையை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக முடியாது.

அந்த நாட்களில் பல இடங்களில் கரண்ட் இல்லை. செல்போன் டவர் வேலை செய்யவில்லை. ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை. கையில் போன் இருந்தும் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் தாய்மார்கள் தவித்தார்கள். இராணுவமும் மீட்புப் படையும் வந்தன, மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டுவந்து தெருத் தெருவாக ஆட்களைக் காப்பாற்றினார்கள். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்த இடத்தில் உதவி சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. புதிதாக வந்து வாடகை அறையில் தங்கியிருந்தவரை யார் தேடுவார்கள்?

ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்தவர்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடு கொடுத்துக் குடியமர்த்தினார்கள். வீடு என்னவோ உறுதியான வீடுதான். ஆனால் வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்களுக்கு வேலை செய்த இடம் வெகு தூரமாகிவிட்டது. பஸ்ஸுக்கே கூலியில் பாதி போனால் என்ன செய்வது? பலர் வேலையை விட்டுவிட்டார்கள். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று பிழைப்பைப் பறித்தால் அது பாதுகாப்பு ஆகாது என்பது எங்கள் கருத்து.

வெள்ளம் ஒரு பக்கம் என்றால் வறட்சி மறுபக்கம். அதே சென்னைக்கு 2019-ல் குடிக்கத் தண்ணீர் இல்லை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் போனது. அந்தப் பக்கத்து மக்கள், எங்களுக்கே இல்லையே என்று கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை.

இதில் நமக்கு நேராக ஒரு பாடம் இருக்கிறது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் பல கிராமங்களில் விவசாயக் கிணற்றுத் தண்ணீரைப் பட்டணத்துக்கு விற்றார்கள். கிணறு வைத்திருப்பவருக்குப் பணம் வந்தது. பயிர் வைக்காமல் போனதால் நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போன பெண்களுக்கு வேலை போனது, நிலத்தடி நீரும் இறங்கியது. நம்ம ஊரிலும் லாரி வந்து நின்றால், கிராமசபையில் முதலில் எழுந்து கேட்க வேண்டியது நிலம் இல்லாத நம் உறுப்பினர்கள்தான்.

சரி, பிள்ளைகள் அங்கே இருக்கிறார்களே, நாம் என்ன செய்யலாம்? அறை பார்க்கும்போதே, மழைக்கு இங்கே தண்ணீர் நிற்குமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். வாடகை குறைவு என்று தாழ்வான இடத்தில் தரைத்தளத்தில் தங்கினால் முதலில் மூழ்குவது அதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்படித்தான் ஆனது. ரேஷன் கார்டு, ஆதார், சான்றிதழ்களின் நகல் ஒன்று நம் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். மகள் விடுதியில் தங்குவதாக இருந்தால் அந்த விடுதி பதிவு பெற்றதா என்று கேளுங்கள். 2014-ல் வந்த சட்டப்படி பெண்கள் விடுதிகள் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகளும் இருக்கின்றன.

போன் நம்பரைப் போனில் மட்டும் வைத்திருந்தால் போதாது. சார்ஜ் போனால் நம்பரும் போச்சு. காகிதத்தில் எழுதி வையுங்கள். வெள்ளம், புயலுக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, சென்னை மாநகராட்சி 1913, பெண்கள் உதவிக்கு 181, அவசரத்துக்கு 112.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளையின் பெயர், தங்கியிருக்கும் முகவரி, வீட்டுக்காரர் நம்பர், கூட வேலை செய்பவர் ஒருவரின் நம்பர், இந்த நாலும் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் எழுதித் தருவார். ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். மழை ஐப்பசியில் ஆரம்பித்துவிடும், அதற்குள் முடித்துவிட வேண்டும்.