அப்பா ஜெயிலுக்குப் போனதையும் ஜோக்காக்கிய கணக்கு வாத்தியார்: யார் இந்த ரொமேஷ் ரங்கநாதன்?

அப்பா ஜெயிலுக்குப் போனது, வீடு கைவிட்டுப் போனது, பையனுக்குத் தமிழ் பேச வராதது. இந்த மூன்றையும் நம் வீடுகளில் சொந்தக்காரர்கள் காதுக்கு எட்டாமல் பொத்தி வைப்பார்கள். ஒருவர் மட்டும் மூன்றையும் மேடையில் போட்டு உடைத்தார். பிரிட்டனில் டிவியைப் போட்டால் அடிக்கடி கண்ணில் படும் முகமாகவும் ஆனார். பெயர் ரொமேஷ் ரங்கநாதன்.

எந்த ஊர்க்காரர்?

லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டிய ஊர் க்ராலி. இலங்கையிலிருந்து குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு 1978 மார்ச் 27-ல் அங்கே பிறந்தார் ரொமேஷ். ஆரம்பத்தில் வசதியான வாழ்க்கைதான். கட்டணம் கட்டிப் படிக்கும் ரைகேட் கிராமர் பள்ளியில் சேர்த்தார்கள். அதன்பிறகு அப்பாவின் பணச் சிக்கல் முற்றியது. வீடு போனது. மோசடி வழக்கில் அப்பா சிறைக்குப் போனார். ரொமேஷ், க்ராலியில் உள்ள ஹேசல்விக் என்ற சாதாரண அரசுப் பள்ளிக்கு மாறினார்.

காமெடிக்கு எப்படி வந்தார்?

எடுத்தவுடனே இல்லை. படிப்பு முடித்து, தான் படித்த அதே ஹேசல்விக் பள்ளியில் கணக்கு வாத்தியாரானார். பகலில் அல்ஜீப்ரா, ராத்திரியில் சின்னச் சின்ன கிளப்களில் காமெடி. மாசச் சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக மேடைக்கு வந்தபோது முப்பது வயதைத் தாண்டிவிட்டார். கல்யாணமாகி, குழந்தைகளும் இருந்தார்கள்.

வந்த நேரமும் சரியில்லை. 2011-ல் அப்பா காலமானார். அவர் நடத்திவந்த பப்பையும் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. புதுசாக வரும் காமெடியன்களுக்கு கிளப்களில் பெரிதாகக் காசு கிடைக்காது. பல மேடைகளில் சும்மாவே ஏற வேண்டும். வீட்டுச் செலவுக்கே திண்டாடிய காலம் அது.

திருப்பம் எங்கே?

எடின்பரோவில். ஆகஸ்ட் மாதம் அங்கே நடக்கும் ஃப்ரிஞ்ச் விழாதான் பிரிட்டிஷ் காமெடியன்களுக்குப் பப்ளிக் பரீட்சை மாதிரி. கிட்டத்தட்ட ஒரு மணி நேரத் தனி ஷோவோடு போக வேண்டும். விமர்சகர்களும் டிவி தயாரிப்பாளர்களும் ஆள் தேடி வருவார்கள். 2013-ல் அங்கே சிறந்த புதுமுகம் விருதுக்கு ரொமேஷின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அடுத்த வருஷமே பிரதான விருதுக்கான பட்டியலிலும் இடம்பிடித்தார். இரண்டுமே கிடைக்கவில்லை. ஆனால் டிவி வாய்ப்புகள் வந்தன.

அம்மா சாந்தியின் என்ட்ரி

2015-ல் பிபிசி த்ரீயில் வந்த 'ஏசியன் ப்ரொவோகேட்டர்' தொடரின் கதை ரொம்ப சிம்பிள். மகனுக்குத் தன் வேர் எதுவென்றே தெரியவில்லை என்று அம்மா சாந்திக்குக் குறை. இலங்கைக்கு அனுப்பிவைக்கிறார். போன இடத்தில் எதுவும் தெரியாமல் முழிக்கிறார் மகன். இங்கே சிரிப்புக்கு ஆளாவது இலங்கையோ சொந்தக்காரர்களோ கிடையாது. முழிக்கும் ரொமேஷ்தான். அவருடைய காமெடியின் சூட்சுமமே இதுதான்: முதல் அடி தன் மேல் விழும். சற்றே இமை தாழ்ந்த கண், சோம்பேறித்தனம், பொறுப்பில்லாத அப்பாவாக இருப்பது என எல்லாவற்றிலும் தன்னைத்தானே கலாய்ப்பார். அதையும் சலித்துப்போன முகத்தோடு, குரலை உயர்த்தாமல் சொல்வார். மகனைக் கலாய்ப்பதில் அம்மாவும் சளைத்தவர் இல்லை. இரண்டாவது சீசனில் அவரும் மகனோடு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது என்ன செய்கிறார்?

டூரிஸ்ட்டுகள் அவ்வளவாகப் போகாத நாடுகளுக்கு இவர் போய்வந்த பயணத் தொடருக்கு 2020-ல் பாஃப்டா விருது கிடைத்தது. 2021 முதல் பிபிசி ஒன்னில் 'தி வீக்கஸ்ட் லிங்க்' க்விஸ் ஷோவை நடத்துகிறார். 2024-ல் பிபிசி ரேடியோ 2-வின் சனிக்கிழமை காலை நிகழ்ச்சி இவர் கைக்கு வந்தது. சின்ன வயதிலிருந்தே ஹிப்ஹாப் வெறியர். 2018-ல் வெளியான சுயசரிதைக்கு 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா க்ராலி' என்று பெயர் வைத்ததும் ஒரு பிரபல ராப் ஆல்பத்தின் பெயரைக் கலாய்த்துத்தான்.

சிரிப்புக்குப் பின்னால்

தற்கொலை எண்ணங்கள் தனக்கும் வந்ததுண்டு என்று வெளிப்படையாகப் பேசியவர் ரொமேஷ். தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் 'காம்' அமைப்புக்குத் துணையாகவும் இருக்கிறார். 'ஆம்பளை அழக் கூடாது', 'வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது' என்று வளர்க்கப்பட்ட பையன்களுக்கு, அவர் இதைச் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அப்பாவைப் பற்றிய ஜோக்குகளிலும் இதே நேர்மை உண்டு. அவர் செய்த தப்பை ரொமேஷ் மறைப்பதில்லை. அவர் மேல் இருக்கும் பாசத்தையும் மறைப்பதில்லை. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அந்தக் குடும்பம் பயந்திருக்கக்கூடிய கதையை இன்று அரங்கம் நிறைய ஆட்கள் டிக்கெட் வாங்கி வந்து கேட்கிறார்கள்.