நுண் இரத்தக் குழாய்களின் உட்போர்வை

கோலார் தங்கவயலைச் சார்ந்த ஆண்டர்சன்பேட்டை, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்துவரும் ஊராகும். அங்குள்ள சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மிக்க ஆழமுடையது. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், தொழில் உடலில் பதித்த சுவடு எளிதில் மறைவதன்று.

அழுத்தக் காற்றால் இயங்கும் துளைப்பொறியை நெடுங்காலம் கையாண்டோரிற் சிலருக்குக் குளிர்வேளையில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். அதிர்வினால் நரம்புகளும் நுண் இரத்தக் குழாய்களும் பழுதுறுவதே இதற்குக் காரணம்.

இக்குழாய்களின் உட்புறத்தை ஓர் உயிரணு அடுக்கு போர்த்தியுள்ளது. 1980-இல் அமெரிக்க அறிஞர் ஃபர்ச்காட், முயலின் பெருந்தமனியில் இப்போர்வையை நீக்கியபின் அசிட்டைல்கோலின் குழாயைத் தளர்த்தவில்லை எனக் காட்டினார். போர்வையினின்று வெளிப்படும் நைட்ரிக் ஆக்சைடே குழாயைத் தளர்த்துகிறது எனப் பின்னர் தெளிவாயிற்று. இவ்வாராய்ச்சிக்காக 1998-இல் அவரும் வேறிருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

உட்போர்வையின் நலத்தை அறிய, கையைக் காற்றுப்பட்டையால் 5 நிமிடம் இறுக்கிப் பின் தளர்த்துவர். அப்போது விரைந்து பாயும் குருதியின் உராய்வு, நலமான போர்வையைத் தூண்டிக் குழாயை விரிக்கும். விரல்நுனித் துடிப்பு எவ்வளவு பெருகிற்று என்பதைக் கருவி காட்டும்.

பெருக்கம் குறைந்தால், அதிர்வு ஒன்றே காரணம் எனக் கொள்ளலாகாது. புகைபிடித்தல், நீரிழிவு, மிகை இரத்த அழுத்தம் ஆகியனவும் போர்வையைக் கெடுக்கும்.

கருவி இல்லாத இடத்திலும் களப்பணியாளர் இரண்டு வினாக்களைக் கேட்கலாம்: மார்கழிக் குளிரில் விரல் வெளுக்கிறதா? முன்னர் எப்பொறியை, எத்தனை ஆண்டு பிடித்தீர்கள்? விடைகளைக் குறித்து மருத்துவரிடம் அனுப்புதல் நன்று. புகையிலையை விடுமாறு கூறுதலும் அவர்தம் கடமையாகும்.