பூங்கா யாரைத் தேடிப் போகிறது?

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. ஓர் ஊர் மாவட்டத் தலைநகரானால், ஆட்சியர் அலுவலகக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே மனை விற்பவர்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் நீட்டும் வரைபடத்தில் பச்சையாக ஒரு கட்டம் இருக்கும்: பூங்கா.

அது அவர்களின் தாராள மனசு அல்ல. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம்.

நல்ல விதிதான். ஆனால் இதன்படி பூங்கா, மனை விற்கும் இடத்தைத் தேடித்தான் போகும். நெருக்கியடித்து வளர்ந்த பழைய தெருக்களுக்கும் காலனிகளுக்கும் வராது. தகரக் கூரை தகிக்கும் அந்த வீடுகளுக்குத்தான் மர நிழல் அவசரம். மனை வாங்க முடிந்தவருக்கு நிழலும் சேர்ந்து கிடைக்கிறது. முடியாதவருக்கு இரண்டும் இல்லை. சூழல் நீதி என்ற பேச்சின் சாரம் இதுதான்.

பூங்கா இருந்தாலும் வாசலில் கட்டணம் மறிக்கலாம். சென்னை கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50. பெற்றோரும் இரு பிள்ளைகளும் உள்ளே போகவே 300 ரூபாய். கூலி வேலைக்காரர் யோசிப்பாரா மாட்டாரா?

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்குப் பூங்கா எதற்கு, சுற்றிலும் காடுதானே என்பீர்கள். காடு இருக்கிறது, உரிமைதான் இழுபறி. 1976 வரை அங்கே ஜாகிர்தார்கள் என்ற நிலக்கிழார்களின் ஆதிக்கம். அருவி பார்க்க வருபவருக்கு மலை ஒரு நாள் உல்லாசம். அங்கேயே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கோ அதுவே வயலும் மேய்ச்சலும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அவர்கள் உழுதுவரும் வன நிலத்துக்கு உரிமை தருகிறது. சிறு வன மகசூல், மேய்ச்சல், நீர்நிலை மீது ஊருக்கே பொது உரிமையும் உண்டு. விண்ணப்பம் கிராம சபையில் தொடங்க வேண்டும்.

உரிமைக்காகப் போராட வேண்டியது மலையில் மட்டுமல்ல, நகரிலும்தான். பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, குடியிருப்போர் வழக்காடினார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனையானாலும் சரி, பூங்கா நிலம் பூங்கா நிலமே.

ஆகவே உங்கள் மனைப்பிரிவின் அங்கீகார வரைபடத்தை நகராட்சியில் கேட்டு வாங்கி, பூங்கா நிலம் பூங்காவாகவே இருக்கிறதா என்று பாருங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. நகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள்: நிலத்துக்குப் பதிலாகக் கட்டப்படும் பணத்தில், பூங்காவே இல்லாத பழைய தெருக்களுக்கு முதலில் இடம் வாங்குங்கள்.