சடங்கு வீட்டில் கேட்காத கேள்வி

மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் சடங்கு வீடு என்றால் இன்றும் திருநெல்வேலிச் சனம் மொத்தமும் திரண்டுவிடும். தாய்மாமன் சீர்த் தட்டு, மேளம், வாசலில் பெண்ணின் படம் போட்ட பேனர். நான் அங்கே வளர்ந்தவள். கல்யாணமாகி சான்பாடாவுக்கு வந்தபிறகும், என் மகள் பெரியவளானபோது மாமியார் ஆசைப்படி ஹால் பிடித்துத்தான் செய்தோம். அத்தனை சந்தடியிலும், பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் “உனக்கு எப்படிம்மா இருக்கு?” என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்டவர் நம் மும்பையிலேயே இருக்கும் எழுத்தாளர் அம்பை. 1976-ல் வந்த ‘சிறகுகள் முறியும்’ தொகுப்பில் ‘அம்மா ஒரு கொலை செய்தாள்’ என்ற கதை இருக்கிறது. பதின்மூன்று வயதுப் பெண், நிறம் கறுப்பு. ஊர் என்ன சொன்னாலும் ‘நீ அழகுதான்’ என்று நம்ப வைக்கும் அம்மா அவளுக்கு இருக்கிறாள். தங்கை மகளைப் பெண் பார்க்க வரும் விஷயமாக அம்மா வெளியூர் போயிருக்கும்போது சிறுமி வயதுக்கு வந்துவிடுகிறாள். சுற்றியிருப்பவர்கள் என்னென்னவோ சொல்கிறார்கள். ஒன்றும் காதில் ஏறவில்லை. அம்மா வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவளுக்கு.

அம்மா வருகிறாள். கறுப்பு என்று சொல்லி மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பெண்ணைத் தட்டிக்கழித்த எரிச்சலோடு வருகிறாள். மகளின் செய்தி கேட்டதும், இதற்கு என்ன இப்போது அவசரம், இனி இதுவும் ஒரு சுமை என்கிற பொருளில் வெடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தச் சிறுமிக்குள் எது செத்தது என்பது தலைப்பிலேயே இருக்கிறது.

வெள்ளந்தி மனசு உடைவதற்கு உடம்பு மாறுவது காரணமில்லை என்று இந்தக் கதையில்தான் நான் தெரிந்துகொண்டேன். உலகத்தின் குரூரம் நாம் அதிகம் நம்பியவர் வாயிலிருந்தே வரும்போது உடைகிறது. அந்த அம்மா கெட்டவள் அல்ல; கல்யாணச் சந்தையின் கணக்கு அவள் நாக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால்தான் இத்தனை வலி.

ஆண்பிள்ளைகளுக்கு இந்த உடைவு பெரும்பாலும் வாசலுக்கு வெளியே நடக்கிறது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ (1977) நாவலில் சிகந்தராபாத் கல்லூரி மாணவன் சந்திரசேகரன் கிரிக்கெட்டும் நண்பர்களுமாகத் திரிகிறான். 1948-ல் ஐதராபாத் இந்தியாவோடு இணைக்கப்பட்ட நாட்களின் கலவரத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறான். அவனைக் கொல்ல வந்தவனாக எண்ணி, குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள அங்கிருந்த சிறுமி தன் உடையைக் களைகிறாள். அவன் அருவருத்து ஓடுகிறான். அவளைவிடச் சற்றுதான் மூத்தவன். ஆனாலும் அவள் கண்ணுக்கு அவன் எதிரி. அந்த இடத்தைப் படித்தபின் வெகுநேரம் என்னால் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

என் மகள் இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அம்பையின் கதையை நான்தான் வாசித்துக் காட்டினேன்.

“அந்த அம்மா ஸாரி சொல்லவே இல்லையாம்மா?”

“இல்ல. என்ன சொன்னோம்னே அவங்களுக்கு அப்புறம் ஞாபகம் இருந்திருக்காது.”

கொஞ்ச நேரம் கழித்து, சடங்கு அன்று ஒரு பெரியம்மா அவள் கன்னத்தைத் தடவி, கலர் கொஞ்சம் தூக்கலாக வரப் பச்சைப்பயறு மாவு தேய்க்கச் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள். அந்தப் பெரியம்மா பாசத்தில் சொன்னதுதான். என் மகளுக்கு ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை.